விலையும் நிலையும் இடமும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையில் இன்று பயணம் செய்வோர் வழியெங்கும் இரண்டு வகையான பலகைகளைக் காண்பார்கள். ஆலைக்கு ஆள் தேவை என்பது ஒன்று. அடுக்குமாடி வீடு விற்பனைக்கு என்பது மற்றொன்று. முதற்பலகையைக் கண்டு ஊரை விட்டு வந்த இளைஞன், மணமுடித்து, ஒரு குழந்தையும் பிறந்தபின், இரண்டாம் பலகையின் முன் நின்று தன் மனைவியின் முகத்தைப் பார்க்கிறான். நம் மறைமாவட்டக் குடும்பங்கள் பலவற்றின் இருபது ஆண்டு வரலாறு இவ்விரு பலகைகளுக்கும் இடையில் அடங்கிவிடும் எனலாம்.

இந்நிலப்பகுதியின் பழைய முகம் வேறு. திருப்பெரும்புதூர் என்றால் இராமானுசர் பிறந்த ஊர் என்பதே நெடுங்காலமாக மக்கள் அறிந்திருந்த செய்தி. 1991 மே 21ஆம் நாள் இராஜீவ் காந்தி அங்கே கொலையுண்டபோது உலகமே அவ்வூரின் பெயரைக் கேட்டது. மற்றபடி, ஏரிகளின் மாவட்டம் என்று பெயர் பெற்ற பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், ஏரியும் நெல்வயலும் பனையுமாகக் கிடந்த ஊர்களே சுற்றிலும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் கார் செய்யத் தொடங்கியது. 2006இல் நோக்கியாவின் கைபேசி ஆலை வந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010இலும், டெய்ம்லரின் லாரி ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு 2013இலும் தொடங்கின. ஆலை வந்தது, ஆலையை நம்பி ஆள் வந்தான், ஆளை நம்பி அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது.

ஆயினும் வந்தவர் எல்லாரும் வீடு வாங்குகிறவர் அல்லர். வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில், 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அத்தனை பேருக்கு அங்கே வீடு என்பது ஒரு கட்டிலும் ஓர் அலமாரியுமே. வீடு வாங்கலாம் என்று எண்ணிப் பார்க்கும் துணிவு, நிரந்தர வேலையும் இரண்டு சம்பளமும் வாய்த்த சிலருக்கே வருகிறது. என் தங்கை மகன் அச்சிலருள் ஒருவன். ஒரகடத்தில் ஓர் ஆலையில் நிரந்தரப் பணியாளன். அவன் மனைவி திருப்பெரும்புதூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. இருவர் வருவாயும் சேர்ந்து மாதம் 61,000 ரூபாய்; சேமிப்பு 11 லட்சம். நான் வருவாய்த்துறையில் முப்பது ஆண்டு ஏடு புரட்டியவன் என்பதால், “மாமா, கையெழுத்துப் போடுமுன் நீங்கள் ஒருமுறை வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்” என்று கேட்டுக்கொண்டான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், திருப்பலி முடிந்த கையோடு, மூவருமாக வீடு பார்க்கப் புறப்பட்டோம்.

முதல் வீடு படப்பையைத் தாண்டி ஒரகடம் செல்லும் வழியில் இருந்தது. ஐந்து மாடிக் கட்டடம். வண்ணப்பூச்சு இன்னும் உலரவில்லை. 860 சதுர அடி, அடிக்கு 5,200 ரூபாய் வீதம் 44 லட்சத்து 72 ஆயிரம். விற்பனை அலுவலகத்தில் குளிர்ந்த மோர் கொடுத்து உபசரித்த இளைஞர், சமையலறை அலமாரிகள் முழுவதும் இலவசம் என்றார்.

இலவசம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எனக்குத் தொடக்க நூலின் 23ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. சாராவை அடக்கம் செய்ய ஆபிரகாம் நிலம் கேட்கிறார். இத்தியனான எப்ரோன், ஊரார் முன்னிலையில், நிலத்தையும் அதிலுள்ள குகையையும் சும்மாவே தருவதாகச் சொல்கிறான். பிறகு, பேச்சோடு பேச்சாக, அதன் மதிப்பு நானூறு வெள்ளிக் காசு என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறான்! ஆபிரகாம் மறுபேச்சின்றி முழுத் தொகையையும் நிறுத்துக் கொடுக்கிறார். வயல், குகை, எல்லைக்குள் நின்ற மரங்கள் என்று வாங்கியவை ஒவ்வொன்றும் அங்கே சாட்சிகள் முன் எண்ணிச் சொல்லப்படுகின்றன. நம் பத்திரங்களில் சொத்து விவரமும் நான்கெல்லையும் எழுதுவது போன்றதே அது. பத்திர எழுத்தர் எவரும் அந்த அதிகாரத்தில் குறை காண இயலாது.

நாங்களும் எண்ணிப் பார்க்கத் தொடங்கினோம். 860 சதுர அடி என்பதில் படிக்கட்டு, நடைவழி, மின்தூக்கிக் கூடு ஆகியவற்றின் பங்கும் அடக்கம். கதவைத் திறந்து உள்ளே போனால் கால் வைத்து நடக்கக்கூடிய தரை 610 சதுர அடி. விலையை அதனால் வகுத்தால் அடிக்கு 7,300 ரூபாய்க்கு மேல் ஆகிறது. 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம் இந்த உட்பரப்பையே கணக்காகக் கொள்ளச் சொல்கிறது. எனினும் பேச்சுவழக்கில் இன்றும் பெரிய எண்ணே முன்னால் வந்து நிற்கும். கேட்டால்தான் சிறிய எண் வெளிவரும். பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு என்று கேட்டேன். 310 சதுர அடி என்றார். கட்டடத்திற்கு ஆண்டுதோறும் வயது ஏறும், மண்ணுக்கு ஏறாது. ஒரே மனையில் மாடிகள் பெருகப் பெருக ஒவ்வொருவர் பங்கும் சுருங்கும். தமிழ்நாட்டில் 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் இசைந்தால் பழங்கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். அந்த நாள் வரும்போது கையில் நிற்பது இந்தச் சிறிய எண்தான்.

பிறகு கடன். 36 லட்சம் ரூபாயை நூற்றுக்கு எட்டரை வட்டியில் இருபது ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 31,200 ரூபாய். கட்டி முடிக்கும்போது ஏறத்தாழ 75 லட்சம் கொடுத்திருப்பார்கள். கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் சொன்ன உவமையை நாம் ஆன்மீகப் பொருளிலேயே கேட்டுப் பழகிவிட்டோம். அதன் நேர்ப்பொருளும் நல்ல பொருளே. வருவாயில் பாதிக்கு மேல் தவணைக்கே போனால், மருமகளின் மகப்பேறு விடுப்போ, தங்கையின் மருத்துவச் செலவோ எங்கிருந்து வரும்? பதிவுச் செலவும் வண்டி நிறுத்துமிடமும் சேர்ந்தால் சேமிப்பு போதாது. நகையை அடகு வைப்பதாகப் பேச்சு. மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. கழுத்துச் சங்கிலியைச் சேலைக்குள் தள்ளிக்கொண்டாள், அவ்வளவே.

என் தங்கை மகனுக்கோ அந்த வீட்டை விட மனமில்லை. “ஆலைக்குப் பத்து நிமிடம்தான் மாமா. இரவு வேலை முடிந்து வந்தால் விடியுமுன் படுத்துவிடலாம்” என்றான். அந்த ஆசை நியாயமானதே. மூன்று வேளை முறைவேலை செய்கிறவனுக்குத் தூக்கத்தின் அருமை தெரியும். ஆனால் இந்த நெடுஞ்சாலையில் வீடு வாங்குகிற எவரும் ஆற அமரச் சிந்திக்க வேண்டிய செய்தி இதிலேதான் இருக்கிறது.

நோக்கியா ஆலை இங்கே இயங்கியது 2006 முதல் 2014 வரை, எட்டே ஆண்டுகள். கைபேசித் தொழில் மைக்ரோசாப்ட் நிறுவனத்திற்கு விற்கப்பட்டபோது, வரி வழக்கில் சிக்கிய இந்த ஆலை மட்டும் தனித்து நின்றது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. வேலை இழந்த ஆயிரக்கணக்கானோரில் மிகப் பலர் இளம்பெண்கள். சில ஆண்டுகளுக்குப் பின் சால்காம்ப் நிறுவனம் அவ்வளாகத்தை வாங்கியது உண்மையே. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளின் தவணையை யார் கட்டுவார்? மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. மீண்டும் திறக்கும் எண்ணம் உண்டென்று 2024இல் அறிவித்தது. ஆலைகள் இவ்வாறு வரும், போகும், பெயர் மாறித் திரும்பவும் வரும். அவற்றிற்கு ஓர் ஊரைவிட்டு மறு ஊர் போவது கணக்கேட்டில் ஒரு பக்கம் திருப்புவது போன்றது. வீட்டுக் கடனுக்கோ இருபது ஆண்டு. எட்டு ஆண்டு நிற்கக்கூடிய ஒன்றின் நிழலை நம்பி, இருபது ஆண்டு சுமக்க வேண்டிய ஒன்றை வாங்கலாமா?

ஆகவே ஆலைக்குப் பக்கம் என்பதை இடத்தின் மதிப்பாகக் கொள்ளாதே என்று அவனிடம் சொன்னேன். அந்த ஆலை நாளை இல்லை என்றே வைத்துக்கொள். அப்போதும் இந்த வீட்டில் குடியிருக்க முடியுமா? வேறு வேலைக்கு இங்கிருந்து பேருந்து உண்டா? மனைவிக்குப் பள்ளி, குழந்தைக்கு மருத்துவர், அம்மாவுக்குக் கோயில், காய்கறிக்குச் சந்தை, இவை நடைதூரத்தில் உண்டா? ஆலைத் தொழிலாளர் அல்லாத ஒருவர் வாடகைக்கு வருவாரா? அந்தக் கட்டடத்தைச் சுற்றிக் கொள்கலன் லாரிகள் நிற்கும் வெற்று மனைகளே இருந்தன. பால் வாங்க வேண்டுமானாலும் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும்.

விற்பனை இளைஞர் பரந்தூர் விமான நிலையத்தைப் பற்றியும் நெடுநேரம் பேசினார். 2022 ஆகஸ்டில் அத்திட்டம் அறிவிக்கப்பட்டது முதல், இந்தச் சுற்றுவட்டாரத்தில் மனை விலை பேசுவோர் அதைச் சொல்லாமல் வாய் திறப்பதில்லை. தங்கள் வயலும் வீடும் ஏரியும் போகும் என்று ஏகனாபுரத்து மக்கள் போராடிக்கொண்டிருக்கும் செய்தியை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. திருப்பெரும்புதூருக்கு ஓர் இரயில் நிலையம்கூட இல்லை. ஆவடியிலிருந்து அவ்வூர் வழியே கூடுவாஞ்சேரிக்கு இருப்புப்பாதை என்பது பல்லாண்டுத் திட்டம். இன்று கையில் கொடுக்கும் பணத்திற்கு இன்று கண்ணால் காணும் சாலையையே எடைபோட வேண்டும். வரப்போவது வந்தால் இலாபம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வீடு முடிச்சூர்ப் பக்கம். 850 சதுர அடி, 31 லட்சம். கட்டடமும் நன்றாகவே இருந்தது. கடையும் பள்ளியும் அருகில். தாம்பரம் இரயில் நிலையமும் தொலைவில் இல்லை. இவ்வளவு நல்ல இடத்தில் இவ்வளவு குறைந்த விலையா என்று என் தங்கை மகன் மகிழ்ந்தான். தரகர் குழாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தபோது, மருமகள் மெல்ல எதிர்வீட்டு அம்மாளிடம் போனாள். “அக்கா, 2015இல் இங்கே எவ்வளவு தண்ணீர் வந்தது?” என்று கேட்டாள். அந்த அம்மாள் பேசாமல் தம் கையை மார்பளவுக்கு உயர்த்திக் காட்டினார். பிறகு படிக்கட்டின் திருப்பத்தைச் சுட்டினார். தரைத்தளத்தில் இருக்க வேண்டிய மின்மானிகள் எல்லாம் அங்கே, ஆள் உயரத்திற்கு மேல், வரிசையாகப் பொருத்தப்பட்டிருந்தன. எந்த விளம்பரத் தாளிலும் காணக் கிடைக்காத வாக்குமூலம் அது!

ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் மிகைநீரைத் திரட்டிக்கொண்டு அடையாறு வரும் வழி அது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மிதந்ததை நாடே கண்டது. அதன்பின் ஆற்றை அகலப்படுத்தினார்கள், கரையை உயர்த்தினார்கள். ஆயினும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அத்தெருக்களில் மீண்டும் நீர் நின்றது. “நீங்கள் வாங்குவது இரண்டாம் மாடி, பயமே வேண்டாம்” என்றார் தரகர். வீட்டுக்குள் நீர் வராதுதான். ஆனால் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும், நிறுத்திய வண்டியும், கழிவுநீர்த் தொட்டியும் கீழேதானே இருக்கின்றன? கைக்குழந்தையோடு நான்கு நாள் மாடியில் அடைபட்டால் பாலுக்கு என்ன செய்வது? ஏரி நாட்டில் வீடு வாங்குவோர், ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம், வரத்துக் கால்வாய் எவ்வழி, மனை பழைய உள்வாயில் விழுகிறதா என்பவற்றை அறியாமல் முன்பணம் கொடுக்கலாகாது. கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவ்வூரில் நாற்பது ஆண்டு உழுத ஒரு முதியவரோடு அரைமணி நேரம் நடந்தால் போதும்.

வரைபடத்தோடு ஏட்டையும் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். இடையில் நான்காவதாக ஒன்று, மிக மலிவாக, எங்களைத் தேடி வந்தது. ஒரகடத்திற்கு உட்புறமாக ஒரு சிறு குடியிருப்பு. சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி அ-பதிவேட்டைப் பார்த்தேன். நிபந்தனைப் பட்டா என்றிருந்தது. அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. அந்த வீட்டை நாங்கள் போய்ப் பார்க்கவே இல்லை.

இந்த நிபந்தனையின் கதை நம் மண்ணில் பிறந்தது. செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், இம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள் ஒரு குழி நிலமும் இன்றிப் படும் துன்பத்தை 1891இல் அரசுக்கு எழுதினார். அதன் பயனாக 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கலாகாது. அதன் பின்னும் அம்மக்களுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதுவே. அதில் பெரும்பகுதி எவ்வாறெல்லாமோ பிறர் கைக்குப் போயிற்று. அந்நிலத்தை மீட்கக் கேட்டு மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் 1994 அக்டோபரில் மக்கள் திரண்டபோது, துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் துறந்தனர். அதே 1891ஆம் ஆண்டில்தான், நம் முதியோர் சிங்கராயர் என்று அழைக்கும் பாப்பரசர் 13ஆம் லியோ, ‘ரேரும் நொவாரும்’ என்னும் சுற்றுமடலில், உழைப்பவன் தன் கூலியில் மிச்சம் பிடித்துச் சிறிதளவேனும் சொத்து உடையவனாக வேண்டும் என்று எழுதினார். உரோமையில் ஒருவர், செங்கற்பட்டில் ஒருவர். ஒருவரை ஒருவர் அறியார். வில்லங்கச் சான்றும் பட்டாவும் இன்று வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. பிறர் வயிற்றில் அடித்து வந்த மண்ணின்மேல் நம் பிள்ளைகளின் தொட்டிலைக் கட்டாதிருக்க அந்தச் சிறு முயற்சியையேனும் நாம் செய்யலாம்.

இனி நிலையைப் பற்றி. புதியது என்றால் நல்ல நிலையில் இருப்பது என்று நாம் நம்புகிறோம். போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28ஆம் நாள் மாலை, மழைக்கிடையே இடிந்து விழுந்த பதினொரு மாடிக் கட்டடத்தைவிடப் புதியது எது? இன்னும் கட்டியே முடியாதது அது. 61 பேர் மாண்டனர். பிழைப்புத் தேடி வந்த கட்டடத் தொழிலாளரே மிகப் பலர். அருகில் நின்ற இரட்டைக் கட்டடத்தையும் 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வண்ணம் பூசிய சுவருக்குப் பின்னால் உள்ளதை வாங்குவோர் கண் காண இயலாது. அதற்காகவே இப்போது மனை வணிகச் சட்டம் இருக்கிறது. வாங்குவோர் தரும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டடத்திற்கே செலவிட வேண்டும். ஒப்பந்தம் பதிவாகுமுன் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கலாகாது. ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் அமைப்பில் குறை தோன்றினால் கட்டியவரே சீர்செய்து தர வேண்டும். ஆனால் எட்டு வீடுகளுக்கு மேற்படாத சிறு கட்டடங்கள் அச்சட்டத்தில் பதிய வேண்டியதில்லை என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

மூன்றாம் வீடு திருப்பெரும்புதூர் ஊருக்குள், பன்னிரண்டு ஆண்டுப் பழையது. மூன்றாம் மாடி, மின்தூக்கி கிடையாது. உட்பரப்பு 620 சதுர அடி, நிலப் பங்கு 445. கேட்ட விலை 34 லட்சம். அஃதாவது உட்பரப்பிற்கு அடி 5,500 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. பழைய வீட்டின் ஒரு நன்மை, அது எதையும் மறைப்பதில்லை. முன்னறையின் மச்சில் தேமல் போல் ஈரம் படர்ந்திருந்தது. குளியலறைச் சுவரில் உப்புப் பூத்திருந்தது. நான் சுவர்களைத் தட்டிக்கொண்டே நடந்தேன். ஓரிடத்தில் மட்டும் பூச்சு பொள்ளலாக ஒலித்தது. கீழே இறங்கித் தூண்களைப் பார்த்தேன். கம்பி துருவேறினால் காரை நெடுக்காகப் பிளந்து காட்டும். அத்தகைய பிளவு எதுவும் இல்லை. மொட்டைமாடியில் தட்டோடுகளின் இடைவெளி விட்டுப்போயிருந்தது. ஈரத்தின் காரணம் அதுவே. ஆழ்குழாய்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தோம், சற்றே உவர்ப்பு. கோடையில் லாரித் தண்ணீர் எத்தனை முறை வாங்கினீர்கள் என்று கீழ்வீட்டாரைக் கேட்டதற்கு, மே மாதத்தில் மட்டும் என்றார்கள்.

இந்தக் குறைகளில் பணத்தால் தீர்வன எவை, எவ்வளவு பணத்தாலும் தீராதன எவை என்று பிரித்துப் பார்த்தோம். ஒழுகும் மாடியை ஓடு மாற்றிப் பதிக்கலாம். ஆற்றின் வழியை மாற்ற இயலாது. நெடுஞ்சாலையோரத்து வெற்றிடத்தில் ஒரு பள்ளியைக் கொண்டுவந்து வைக்கவும் நம்மால் ஆகாது. மருமகளின் பள்ளிக்கு நடந்தே போகலாம். அரசு மருத்துவமனையும் பேருந்து நிலையமும் ஊருக்குள் உள்ளன. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் என்று மூன்று திசையிலும் ஆலைகள் இருப்பதால் ஒன்று மூடினாலும் மற்றொன்றுக்குப் போக வழியுண்டு. இரவு வேலை முடிந்து வர அவனுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதை அவன் முகம் சுளித்தே ஏற்றுக்கொண்டான். என் தங்கையின் முழங்கால்கள் மூன்று மாடி ஏறுமா என்பதே இதில் எஞ்சிய கவலை. அவளோ, “ஒரு நாளைக்கு ஒரு தடவை இறங்கினால் போதும் அண்ணா” என்கிறாள்.

பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2. புதிய வீட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சம் வரை, தீர்வை 4 தான். அந்த வேறுபாட்டையும் சேர்த்தே கணக்கிட்டோம். விலை 33 லட்சத்துக்கு இறங்கியது. கடன் 25 லட்சம். தவணை 21,700 ரூபாய். நகை பெட்டியிலேயே இருக்கிறது. மொட்டைமாடி பன்னிரண்டு வீட்டாருக்கும் பொது என்பதால், செலவை யார் ஏற்பது என்று இரண்டு ஆண்டாக அவர்களுக்குள் பூசல் இருந்து வந்ததாம். விற்பவர் தம் பங்கைச் சங்கத்தில் கட்டிய பின்னரே கிரயம் என்று எழுதச் சொன்னேன், அவர் இசைந்தார். இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்து மூன்று மாதத் தவணையில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. ஓடு பதிக்கும் வேலை புரட்டாசிக்குள் முடியும் என்கிறார் மேஸ்திரி. ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் போய், அந்த முன்னறை மச்சைப் பார்த்துவிட்டு வந்த பிறகு பத்திரம் பதிவதாக ஏற்பாடு.